ஜூலி தாண்டின ரயில்வே கேட்டு

இல்லம்மா, கதவ சாத்தாத. சாத்துனாலும் நான் போவப் போறதில்ல. இந்தப் படிலயே குந்திக்கினு பேசிக்கினு இருப்பேன், அப்பறம் தெருவே கூடிக்கும். அதுக்கு நீ தொறந்து வெச்சிக்கினே கேட்டுடலாம். தெரியும் தெரியும், வூட்ல யாரும் இல்லன்னு தெரிஞ்சிதான் வந்தேன். எல்லாரும் வேன் வெச்சிக்கினு மயிலத்துக்குப் போயிருக்காங்க, தாலிய முருகன் பாதத்துல வெச்சி எடுத்தாறதுக்கு. எப்டித் தெரியுமா? உங்க சித்தப்பா கொல்லில மல்லாட்டை புடுங்க டாட்டா ஏஸ்ல ஆளு ஏத்திக்கினு வந்தாங்களே, அதுல நானும் ஒருத்தி. பொம்பளைங்க ஒரு எடத்துல குனிஞ்சி வேல செஞ்சா வாயி சும்மாவா இருக்கும்? உன் கததான் ஓடிச்சி.

நான் யாருன்னா, மொதல்ல நீ உக்காரு. உக்காந்தாதான் சொல்லுவேன். என் பேரு சவுரியம்மா. பொம்மையார்பாளையத்துக்குப் பக்கத்துல, கடலோரத்துல இல்ல, உள்ள தள்ளி, காலனி. உன் மாப்பிள்ள அழைப்புல குதிரையப் புடிச்சிக்கினு நடந்து வந்தான் பாரு, குள்ளமா, செவப்புத் தலப்பா கட்டிக்கினு, அலெக்ஸு. அவனப் பெத்தவ.

ஏந்திரிக்காத கண்ணு. திட்டணும்னா திட்டு. வெளக்கமாறு எடுக்கணும்னா எடு, தோ மூலைலதான் கீது. அடிச்சிட்டு உக்காந்து கேளு. நீ, வா, போன்னு பேசறனேன்னு கோச்சிக்காத. உங்க ஆளுங்க முன்னாடின்னா வாங்க போங்கன்னுதான் பேசுவேன். இப்ப ஒன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அப்டி வர்ல. இன்னாம்மா இது, கன்னமெல்லாம் உள்ள போயி! சாப்பிடறதே இல்லன்னு சொன்னாங்க, சரியாத்தான் சொல்லியிருக்காங்க.

நான் துக்கம் கேக்க வர்ல. ஒன்ன கீழ்த்தெரு சுப்பராயலுக்கு ரெண்டாந்தாரமா குடுக்கறாங்களாமே. வர்ற வெள்ளிக்கெழமயாமே. அந்தாளு பொண்ணுக்கே ஒன் வயசு ஆவுதாமே! இன்னாடி அநியாயம்னு கேட்டா, ராசி கெட்டவளாம். தாலி ஏறுறதுக்கு முன்னாடியே மாப்பிள்ளய முழுங்கிட்டாளாம், இனிமே இவள எவன் மொத தாரமா கட்டுவான், அவரு வந்து கேட்டதே பெரிய விசயம்னு பேசிக்கிறாங்க. சரி, ஊரு அப்டித்தான் பேசும், ஊரு வாய்க்கு இன்னா வேல. ஆனா நீயும் தலய ஆட்டிட்டியாமே? எனக்கும் அப்டித்தான் தோணுதும்மா, என்னாலதான் அவுரு பூட்டாருன்னு உங்கம்மாகிட்ட சொன்னியாமே? அத்த கேட்டதுலேர்ந்து எனக்கு கையும் ஓடல காலும் ஓடல.

உன் ராசி இல்ல சங்கவி. அது எதுனாலன்னு எனக்குத் தெரியும். சொல்லிட்டுப் பூட்றேன். வேன் வர்றதுக்குள்ள சொல்லிடுவேன், நீ பயப்படாத.

எம்புள்ளய நீ இன்னான்னு நெனச்சிக்கினு இருக்க? கல்யாணக் குதிரைக்காரன்னுதானே? அதான் இல்ல. அவன் சாம்பியன். சிரிக்க வோணாம், நெசமாத்தான் சொல்றேன். குதிர மேல குந்திக்கினு கட்டைய தாண்டறதுன்னு ஒரு வெளையாட்டு கீது, டிவில வேணா பாத்திருப்ப. டெல்லில போயி, பட்டாளத்து ஆளுங்க, பணக்காரப் புள்ளைங்க அத்தினி பேரையும் பின்னால தள்ளிட்டு கப்பு வாங்கிக்கினு வந்தான். எங்க தெரு மொனைல ஃப்ளெக்ஸ் போர்டு வெச்சாங்க, குதிரையோட நின்னுக்கினு. அந்த போர்டு எங்க வூட்லதான் இன்னும் கீது. மழைக்கு ஒழுவுற எடத்துல கூரைக்கு அடில கட்டி வெச்சிக்கிறோம். கீழ குந்திக்கினு அண்ணாந்து பாத்தா அவன் மூஞ்சி தலகீழா தெரியும்.

எங்க வூட்டுக்காரரு தேவசகாயம் இருந்தாரு இல்ல, அவரு குதிர ஸ்கூல்ல தண்ணி காட்டற வேல. எங்க ஊருக்கு மேலாண்ட முந்திரித் தோப்பு இருந்திச்சி, அதுக்குள்ள ராஜாமணி சாருன்னு ஒரு மனுசன், பட்டாளத்துல குதிரைப் படைல இருந்தவரு, ஸ்கூலு வெச்சிருந்தாரு. மெட்ராஸுலேர்ந்து பாண்டிலேர்ந்து காருல புள்ளைங்க வரும். எங்க வூட்டுக்காரரு போன அப்பறம் அந்த வேலைக்கு அலெக்ஸு போனான். சாணி வாரினு இருந்தவன, பரீட்ச நேரத்துல புள்ளைங்க வர்லன்னா குதிரைக்கு ஒடம்பு பிடிச்சிக்கும், நீ ஏறி ஒரு சுத்து சுத்துடான்னு சாரு ஏத்தி வுட்டாரு. அவ்ளோதான். ஏறனவன் எறங்கவே இல்ல.

அவனுக்கு ஒரு குதிர வாச்சிது. பொட்டக் குதிர, செம்பட்ட நெறம், நெத்தில வெள்ளையா கோடு. பேரு ஜூலி. நாய்க்கு வெக்கிற பேர குதிரைக்கு வெச்சிருக்கீங்களேடான்னு நான் சிரிப்பேன். அது ஒருத்தர்கிட்டயும் அடங்காத குதிர. இவன்கிட்ட மட்டும் பால்குடி மாதிரி வரும். கடிக்கும்னு எல்லாரும் பயப்படறாங்க, இவன் அது வாயில கைய வுட்டு பல்லப் பாப்பான்.

அந்த வெளையாட்டு எப்டின்னு சொல்றேன், கேட்டுக்க, சொன்னாத்தான் அப்பறம் சொல்றது ஒனக்குப் புரியும். மைதானத்துல அங்கங்க ரெண்டு கம்பம் நட்டு, குறுக்க கட்டை வெச்சிருப்பாங்க. செவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா பெயிண்ட் அடிச்ச கட்டை. ஒன் மாரு ஒசரம் வரும், அதுக்கு மேலயும் வரும். குதிர மேல குந்தினவன் உள்ள வந்து ஜட்ஜுக்கு சல்யூட்டு வெச்சிட்டு நிக்கணும். மணி அடிப்பாங்க. மணி அடிச்சாத்தான் கெளம்பணும், முன்னாடியே கெளம்பினா வெளிய போன்னுடுவாங்க. கட்டைய தொட்டுட்டா வுழுந்துடும், சும்மா லேசா மேல வெச்சதுதான். வுழுந்தா அதுக்கு இவ்ளோன்னு புள்ளி. ஒரு கட்டையும் வுழாம வந்தா சுத்தமான ரவுண்டுன்னு சொல்லுவான். அம்மா, இன்னிக்கு சுத்தம்மான்னு போனுல சொல்லுவான். அந்த ஒரு வார்த்த கேட்டா போதும், எனக்கு வவுறு நெறஞ்சிடும்.

ஒரே ஒரு தடவ நேர்ல பாத்தேன், மெட்ராஸுல. பாத்தேன்னு பேருதான். இவன் கட்டைக்குக் கிட்ட போவும்போதெல்லாம் நான் கண்ண மூடிக்கினு மாதாவ கூப்ட்டுக்கினு இருந்தேன். கை தட்டற சத்தம் கேட்டா தொறப்பேன். பக்கத்துல ஒரு பணக்கார அம்மா குந்திக்கினு இருந்தா, கூலிங்கிளாஸ் போட்டுக்கினு, அந்தப் பையன் உங்களுக்கு யாருன்னு கேட்டா. எம்புள்ளைன்னேன். என்ன மேலயும் கீழயும் பாத்துட்டு, குதிரைக்கு வேல செய்யற புள்ளயான்னா. இல்லம்மா, மேல குந்தற புள்ளைன்னேன். இன்னமும் அத்த நெனச்சா எனக்கு ஒரு இது.

அவன்கிட்ட ஒரு பழக்கம். கட்டைக்கிட்ட வந்ததும் நாக்க மடிச்சி அண்ணாக்குல ஒரு தட்டு தட்டுவான். டக்குன்னு ஒரு சத்தம். அத்த கேட்டா ஜூலி எகிறிடும். வூட்லயும் அதான். வாசப்படி தாண்டறதுக்கு ஒரு டக்கு. மழத்தண்ணிய தாண்டறதுக்கு ஒரு டக்கு. தூக்கத்துலகூட டக்குங்கும். எங்கடா இப்ப எகிறப் போறன்னு எழுப்பி வுடுவேன்.

இன்னொன்னு சொல்றேன் கேளு, சிரிப்பா இருக்கும். ஒரு தடவ ஜூலிய ஒரு மெட்ராஸு பையனுக்கு போட்டிக்குக் குடுத்தாரு சாரு. கால்ல ஒதைக்கிறான், குச்சில அடிக்கிறான், கட்டைக்கு முன்னாடி போயி செலையாட்டம் நின்னுக்கிச்சி. எல்லாரும் சிரிக்கிறாங்க. அந்தப் பையன் மூஞ்சியப் பாத்து இவனுக்குப் பாவமா பூடிச்சி. வேலிக்கு வெளிய நின்னுக்கினு இருந்தவன் டக்குன்னு ஒரு சத்தம் குடுத்தான். அவ்ளோதாம்மா, எகிறி அந்தாண்ட போய் நின்னுச்சி ஜூலி! அப்பறம் இன்னா, வெளி ஆளு ஒதவி பண்ணக்கூடாதுன்னு அந்தப் பையன போட்டிலேர்ந்தே தூக்கிட்டாங்க. சாரு இவன நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. ஒன் நாக்க அறுத்துப் போட்டாத்தான்டா உருப்படுவன்னாரு.

இரு, தண்ணி குடு. இல்ல, சொம்புலயே குடு, தூக்கிக் குடிச்சிக்கிறேன்.

டெல்லி கப்பு வாங்கின அப்பறம் வெளிநாட்டுப் போட்டிக்கு இவன் பேரு வந்துச்சி. ஊரே வந்து கைய குடுத்திச்சி. அப்பறம் பாத்தா, மனுசன் போவலாமாம், ஜூலி போவக்கூடாதாம். ஏதோ குதிர வியாதி சட்டமாம், நம்ம ஊரு குதிரைய அந்த நாட்டுக்குள்ள வுட மாட்டாங்களாம். அங்கியே போயி ஒரு குதிர வாங்கி, அங்கியே மாசக்கணக்குல தங்கி பழக்கிக்கணும். அது ஆவற காரியமா? இவனுக்குப் பின்னாடி வந்த பசங்க அப்பன் காசுல போனாங்க. இவன் அன்னிக்கு சாயங்காலம் எப்பவும் போல சாணி வாரிட்டு வந்தான். கேப்பக் கூழு குடுத்தேன், குடிச்சான்.

போலீஸு குதிரப் படைல சேத்துப்பாங்கன்னு போனான். ஒசரம் பத்தலன்னுட்டாங்க. குள்ளமா, லேசா இருக்கறதாலதான் குதிர அவ்ளோ எகிறுதுன்னு சாரு சொல்லுவாரு. அதே குள்ளந்தான் வேலைக்கு ஆவாதுன்னு ஆயிடிச்சி. இன்னா பேஜாரு பாத்தியா!

அப்பறம் சாரு செத்துட்டாரு. அவரு பொண்ணு வெளிநாட்டுல. வந்து ஒரே வாரத்துல முந்திரி மரத்தையெல்லாம் வெட்டி, கல்லு நட்டு, மனை போட்டுட்டாங்க. குதிரைங்கள ஆளாளுக்கு ஏத்திக்கினு போனாங்க. ஜூலிக்கு வயசாயிடிச்சின்னு யாரும் கேக்கல, வேணும்னா நீ வெச்சிக்கடான்னு வுட்டுட்டாங்க. ஓட்டிக்கினு வந்து எங்க வூட்டுப் பின்னால கட்னான். காலனில குதிர! தெருவே சிரிச்சிச்சி. ஆடு கோழி கட்ற எடத்துல அது நின்னுக்கினு, எங்க வூட்டு ஜன்னல்ல தலய வுட்டு என்னப் பாக்கும். எனக்கும் அதுக்கும் வாக்குவாதம் நடக்கும். நான் திட்டுவேன், அது தும்மும்.

அதுக்குத் தீனி போடணுமே. அதான் கல்யாணத்துக்குப் போனான். திண்டிவனத்துல டெக்கரேஷன்காரன் ஒருத்தன் வந்து கூப்ட்டான், இப்பல்லாம் குதிர இல்லாம மாப்பிள்ள அழைப்பு கெடையாதுன்னு. அலெக்ஸு மாட்டேன்னான். அது தாண்டற குதிரங்க, ஆள ஒக்கார வெச்சி ஊர்கோலம் வுட்றதுக்கான்னான். அப்பறம் கொள்ளு தீந்துபோச்சி. பூட்டான்.

ஆனா ஒன்னு சொல்லணும். எம்புள்ள எதுலயும் அரகொறையா எறங்க மாட்டான். மூணு மாசம் அந்தக் குதிரைய பழக்கினான். போனுல பேண்டு சத்தம் போடுவான், வெடி வாங்கியாந்து தூரத்துல கொளுத்துவான், அப்பறம் கிட்ட, அப்பறம் கால்கிட்ட. கடைசில சரவெடி வெடிக்கிது, அது பாட்டுக்கு வக்கலு தின்னுக்கினு கீது. அதனால சொல்றேன், வெடிச் சத்தத்துக்கு மிரண்டுடிச்சின்னு போலீஸு எழுதினாங்க பாரு, அது பொய்யி. ஜூலி வெடிக்கு மிரளற குதிர இல்ல.

அதோட அவன் தாண்டறதையும் வுட்டுட்டான். அது மறந்தாத்தான் கல்யாணத்துக்கு ஆவும், மேல குந்தறவன் வேட்டி கட்டினவனா இருப்பான், புடிச்சிக்கத் தெரியாது அவனுக்குன்னு. ஸ்கூலுலேர்ந்து எடுத்தாந்த ரெண்டு செவப்பு வெள்ள கட்டை, நான்தான் துணி காயவெக்க கட்டி வுட்டேன். நாக்கையும் அடக்கிக்கினான். வாசப்படிய சத்தமில்லாம தாண்டுவான். எனக்கு என்னமோ வூடே ஊமையான மாதிரி இருந்திச்சி.

உன் விசயத்துக்கு வர்றேன். அழுவாத. அழுதா நான் சொல்ல மாட்டேன்.

அன்னிக்கு பொழுது சாயற நேரம். புள்ளையாரு கோயில்லேர்ந்து உன் மாப்பிள்ளய ஏத்திக்கினு கெளம்பினாங்க. கோகுலகிருஷ்ணன் தானே பேரு? நல்ல பையனாம்மா. அலெக்ஸு சொன்னான். ஏறுறதுக்கு முன்னாடி குதிர பேரு இன்னாங்கன்னு கேட்டானாம். எம்புள்ளய யாரும் ங்க போட்டுக் கூப்ட்டதில்ல. இது டெல்லில கப்பு வாங்கின குதிரைன்னு டெக்கரேஷன்காரன் சொன்னதும், அப்டியான்னு கழுத்தத் தடவிட்டு, அதுகூட நின்னு போட்டோ எடுத்தானாம். அனுப்பணும் அவங்களுக்குன்னு சொன்னானாம். ஒனக்குத்தான் அனுப்பியிருப்பான். அனுப்பினானா? இன்னும் வெச்சிக்கிறியா? வோணாம், வோணாம், காட்டாத. என்னால பாக்க முடியாது.

ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட மண்டபம். நீ மாடி ஜன்னல்லேர்ந்து பாத்துக்கினு இருந்தியாம். பேண்டுகாரனும் ஆடுற பசங்களும் முன்னால போறாங்க. ரயிலு வர்ற நேரம், கேட்டு மூடப் போறான்னதும் ஜல்தி ஜல்தின்னு எல்லாம் அந்தாண்ட ஓடிட்டாங்க. பொம்பளைங்க வரிசத் தட்டோட பின்னால கீறாங்க. நடுவுல வழி காலியா கீது. குதிரையும் எம்புள்ளையும் மட்டும். அப்ப மணி அடிக்கிது. டிங் டிங் டிங்னு. முன்னால கட்டை எறங்குது. செவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையா.

இப்பப் புரியுதா கண்ணு? மணி. செவப்பு வெள்ள கட்டை. எதிர்ல காலி மைதானம். காலமெல்லாம் அதுக்கு சொல்லிக் குடுத்தது அந்த ஒன்னுதானே?

எகிறிடிச்சி. மொத கட்டைய தாண்டி தண்டவாளத்துல கால வெச்சி, ரெண்டே தாவு, அந்தாண்ட கட்டையையும் தாண்டிடிச்சி. உன் மாப்பிள்ள மொத தாண்டல்லியே வுழுந்துட்டான். தல தண்டவாளத்துல பட்டுது. ரயிலு வர்றதுக்குள்ள தூக்கிட்டாங்க. பாண்டிக்கு எடுத்துக்கினு போற வழியிலயே, சரி, அது ஒனக்குத் தெரியும். அத்த நான் எதுக்கு சொல்லணும்.

ஜூலியா? அது அந்தாண்ட போயி நின்னுச்சி. தாண்டி முடிச்சா இவன் கழுத்துல தட்டிக் குடுப்பான், அதுக்காவ நின்னுக்கினே இருந்திச்சி, ஓடவே இல்ல. மாப்பிள்ள வூட்டு ஆளுங்க சவுக்குக் கட்டையால அடிச்சாங்க. அப்பவும் ஓடல. இவன் நடுவுல பூந்தான், இவனுக்கும் வுழுந்திச்சி. மறுநா காலைல அது செத்துப் போச்சி. அதோட குதிர மேல தப்புன்னு வுட்டுட்டாங்க. எம்புள்ளய ஸ்டேசன்ல ஒக்கார வெச்சி, அப்பறம் போடான்னுட்டாங்க. எல்லாரு மேலயும் தப்பு தீந்துபோச்சி, ஒன் மேல மட்டும் ஏறி குந்திக்கிச்சி.

அதத்தான் சொல்ல வந்தேன். ராசியும் இல்ல, கண்ணேறும் இல்ல. ஒரு குதிரைக்குக் கத்துக் குடுத்தாங்க, அது செஞ்சிடிச்சி. உங்கப்பாகிட்ட சொல்லு. நாளைக்கே சொல்லு. அந்த சுப்பராயலு வோணாம்னு சொல்லு. நீ படிச்ச பொண்ணு, உன் வாய்ல வந்தா கேப்பாங்க.

வர்றேம்மா. முட்டி வலிக்கிது, கொஞ்சம் கைய குடு.

இன்னா?

இன்னா கேட்ட?

ஆமா. சத்தம் குடுத்தாத்தான் தாண்டும்னு சொன்னேன். ஆமா, அந்த மெட்ராஸு பையன் அடிச்சப்பகூட நின்னுக்கிச்சின்னு நான்தான் சொன்னேன்.

நீ கெட்டிக்காரிம்மா. நீ கேக்காம இருந்தா அப்டியே பூடலாம்னு பாத்தேன். கேக்கணும்னும் பாத்தேன். ரெண்டுந்தான். பெத்த வவுறு இல்லியா.

அவன்தாம்மா சத்தம் குடுத்தான்.

கொல்லிலேர்ந்து போயி, அந்தப் பொண்ண ரெண்டாந்தாரமா தள்ளி வுட்றாங்கடா, ராசி இல்லாதவளாம்னு கஞ்சி ஊத்திக்கினே சொன்னேன். தட்டத் தள்ளிட்டு சொன்னான். அந்தப் பொண்ணு ராசி இல்லம்மா, நான்தான் நாக்கத் தட்னேன்னு. எனக்கு சட்டுனு இன்னா தோணிச்சி தெரியுமா? பழக்கதோசம்டா, கட்டையப் பாத்ததும் வாயி தானா தட்டியிருக்கும்னு நானே எடுத்துக் குடுத்தேன். ஆமாம்மான்னு அவன் சொல்லியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். இல்லம்மான்னுட்டான். மணி அடிச்சதும் ஜூலி காத நிமித்தி என்னத் திரும்பிப் பாத்திச்சிம்மா, போலாமான்னு கேட்டிச்சி, ஒரே ஒரு தடவ அது தாண்டறதப் பாக்கணும் போல இருந்திச்சி, கடிவாள வார வுட்டேன், நாக்கத் தட்னேன், மேல ஆளு இருக்கறது அந்த நேரத்துக்கு எனக்குத் தோணவே இல்லம்மான்னான்.

விட்டேன் ஒரு அற. வாங்கிக்கினான். வாங்கிக்கினு இன்னா சொன்னான் தெரியுமா? ரெண்டு கட்டையும் சுத்தமா தாண்டிச்சிம்மான்னான்.

அவனே வர்றேன்னான். நான்தான் வோணான்னேன். உங்க தெருவுல அவன் காலு வெச்சா பேச வுடுவாங்களா? கோயில்ல சாமியார்கிட்ட போயி பாவசங்கீர்த்தனம் பண்ணுடான்னு சொல்ல வாய் வந்திச்சி. சாமியாரு மன்னிப்பாரு, வெளிய சொல்ல மாட்டாரு. அது அவனுக்கு ஆவும், ஒனக்கு எதுக்கு ஆவும்? அதான் நான் வந்தேன். சொல்லிக்கம்மா. உங்கப்பாகிட்ட சொல்லு, போலீஸுல சொல்லு, மாப்பிள்ள வூட்ல சொல்லு. குதிரைக்காரன் வேணும்னே தாண்ட வெச்சான்னு சொல்லு. அவன் வூட்லதான் கீறான், எங்கயும் ஓட மாட்டான். எங்க தெருவுக்கு ஆளு வந்தாலும் வரட்டும், பாத்துக்கலாம். எனக்கு அந்த வெள்ளிக்கெழம கல்யாணம் நிக்கணும், அவ்ளோதான்.

இன்னா? வாய்க்குள்ளயே சொன்னா எப்டி, சத்தமா சொல்லு.

ஏம்மா, நம்பாம எப்டிப் போவாங்க? அவனே வந்து சொல்லுவான்ல?

அவன் நாக்கத் தட்ட வெச்சதே உன் ராசிதான்னு சொல்லுவாங்களா?

யாரு? உங்கப்பாவா சொல்லுவாரு?

நீயுமா? நீயும் அப்டித்தான் நெனக்கிறியா சங்கவி? இத்தினி நேரம் தொண்டத் தண்ணி வத்த சொன்னனே, தலய ஆட்டாத கண்ணு, ஆட்டாத.

வேன் சத்தம் கேக்குது பாரு. வந்துட்டாங்க. பின்னால வழியா, சரி, நான் பூட்றேன், நீ கண்ணத் தொடச்சிக்க.

அப்ப நான் எதுக்கும்மா எம்புள்ளயக் கொண்டாந்து ஒங்கிட்ட குடுத்தேன்?